வெளிநாட்டுக் கம்பெனி ஆலையில் சேஃப்டி பொறுப்பு: முதலில் நிறுத்தி வைத்திருப்பவற்றைத் தேடுங்கள்

கேட்டவர் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் ரசாயன ஆலையில் ஏழு வருடம் உற்பத்திப் பிரிவில் இருந்தவர். அடுத்த மாதம் அதே ஆலையில் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் இரண்டுக்கும் பொறுப்பேற்கிறார். ஹெட் ஆபீஸ் அனுப்பிய தடிமனான கையேடு கையில் இருக்கிறது, மூன்று வருடத்துக்கு ஒரு முறை வெளிநாட்டிலிருந்து ஆடிட் வருகிறது. அவர் கேட்டது: "எல்லா நாட்டு ஆலைகளுக்கும் ஒரே விதிதான் என்கிறார்கள், அது உண்மையா? உண்மை என்றால் ஏன் இப்படிப்பட்ட ஆலைகளிலேயே பெரிய விபத்து நடக்கிறது? நான் எங்கே தொடங்குவது?"

விதி ஒன்றுதான், அது உண்மை. பெரும்பாலான நிறுவனங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், உள்ளூர்ச் சட்டம், கம்பெனி விதி இரண்டில் எது கடுமையோ அதையே பின்பற்ற வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். நான் இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், மூன்று நாட்டுக் கம்பெனிகளின் கையேடுகளைப் பார்த்துவிட்டேன், மோசமான கையேடு என்று ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஆலைக்குள் ஏதோ ஒன்றை நிறுத்துகிறார்கள், மாற்றுகிறார்கள், தற்காலிகமாகக் கழற்றி வைக்கிறார்கள். அந்தச் சேதி ஆலையின் கேட்டைத் தாண்டிப் போவதே இல்லை. ஹெட் ஆபீஸ் பார்த்துக்கொண்டிருப்பது போன வருடத்து ஆலையை. ஆட்கள் வேலை செய்வது இன்றைய ஆலையில்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு ஆலை. ஆசிட் லாரி இறக்கும் இடத்தில் எமர்ஜென்சி ஷவர் இல்லை என்று ஆடிட்டில் எழுதினார்கள். மூன்று மாதத்தில் ஷவர் வந்தது, தண்ணீர் கொட்டுவதைப் போட்டோ எடுத்து ஹெட் ஆபீஸ் மென்பொருளில் ஏற்றினோம், சிவப்பாக இருந்த வரி பச்சையானது. அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு இரண்டு மணி வாக்கில் அந்தப் பக்கம் நடந்து போனபோது, ஏதோ தோன்றி, கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன். ஒரு கை அளவு துருத் தண்ணீர் வந்தது, அப்புறம் வெறும் காற்று. சுவருக்குப் பின்னால் வால்வை மூடியிருந்தார்கள். குழாய் கசிந்து கேபிள் மேல் சொட்டுகிறது என்று ஃபிட்டர் மூடியிருக்கிறார், ஷிஃப்ட் இன்சார்ஜிடம் சொல்லியும் இருக்கிறார், அவரும் லாக் புக்கில் எழுதியிருக்கிறார். நான் தேடிப் பார்த்தேன், எழுதியது இருந்தது, நாற்பது பக்கம் முன்னால். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் எதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்த நாற்பது பக்கத்துக் காலம் முழுக்க அங்கே ஆசிட் லாரி வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. மென்பொருளில் அந்த வரி பச்சையாகவே நின்றது.

இதை மனதில் வைத்துக்கொண்டு விசாகப்பட்டினத்தைப் பாருங்கள். 2020 மே 7, அதிகாலை மூன்று மணியை ஒட்டி, எல்ஜி பாலிமர்ஸ் ஆலையின் எம்6 என்ற தொட்டியிலிருந்து, பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ஸ்டைரீன் என்ற திரவத்தின் ஆவி வெளியேறி, ஆர்.ஆர். வெங்கடாபுரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் இறங்கியது. 12 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். தென்கொரியாவின் எல்ஜி கெம் 1997-ல் வாங்கிய ஆலை அது. அதற்கு முன்பே பல பத்தாண்டுகளாக இயங்கி வந்தது. ஸ்டைரீனின் குணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: சூடானால் தனக்குத் தானே சேர்ந்து பாலிமராகும், சேரும்போது வெப்பத்தை வெளிவிடும், அந்த வெப்பம் மேலும் வேகமாகச் சேரவைக்கும். அதைத் தடுக்கத்தான் டிபிசி என்ற ரசாயனம் கலக்கிறோம். அது வேலை செய்ய ஸ்டைரீனில் கரைந்த ஆக்சிஜனும் கொஞ்சம் வேண்டும். கூடவே தொட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும்.

ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழு கண்டதை வரிசையாகப் படித்தால் வயிற்றைப் பிசையும். வெப்பத்தை அளக்கும் கருவி தொட்டியின் அடிப்பகுதியில் மட்டும்தான் இருந்தது. 2019 டிசம்பரில் குழாய் அமைப்பில் ஒரு மாற்றம் செய்தார்கள், அதற்குப் பிறகு தொட்டிக்குள் சுழற்சி முன்போல நடக்கவில்லை. குளிர்ந்த திரவம் அடியிலேயே நின்றது, மேலடுக்கு சூடேறிக்கொண்டே போனது, மீட்டரில் தெரிந்ததோ அடியின் வெப்பம். குளிரூட்டும் அமைப்பை இருபத்துநான்கு மணி நேரமும் ஓட்டவில்லை, மாலையில் நிறுத்திவிடுவார்கள். டிபிசி போதிய அளவு கையிருப்பில் இல்லை. இதற்கு மேல் ஊரடங்கு வந்தது, ஆறு வாரம் சரக்கு அசையாமல் கிடந்தது. கடைசியில் ஆவி கிளம்பியபோது, ஆலை முழுக்கப் பல இடங்களிலிருந்து ஒலிக்க வைக்கக்கூடிய சைரன் இருந்தும், யாரும் அதை அழுத்தவில்லை.

இதில் எந்த ஒன்றை எடுத்தாலும் சின்ன விஷயமாகத்தான் தெரியும். குழாயை மாற்றியது ஏதோ ஒரு நல்ல காரணத்துக்காகத்தான் இருந்திருக்கும். மாலையில் குளிரூட்டியை நிறுத்தும் பழக்கம் எத்தனையோ நாள் ஒன்றும் ஆகாமல் ஓடியிருக்கும். நீங்கள் ஏழு வருடம் உற்பத்தியில் இருந்தவர், உங்கள் ஆலையில் "எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லப்படும் விஷயங்கள் எத்தனை என்று யோசியுங்கள். ஹெட் ஆபீசில் இருப்பவருக்கு அவற்றில் எத்தனை தெரியும்?

இப்போது 36 வருடம் பின்னால் போங்கள். போபால், 1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவு, யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது. அங்கே எம்.ஐ.சி. என்ற கொடிய நச்சு ரசாயனம் இருந்த தொட்டிக்கும் ஒரு குளிரூட்டும் அமைப்பு இருந்தது. 1984 ஜூனிலேயே அதை நிறுத்திவிட்டார்கள், அதிலிருந்த குளிர்வாயுவை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கசியும் வாயுவைக் காரநீரில் கழுவ வேண்டிய ஸ்க்ரப்பர் காத்திருப்பு நிலையில் இருந்தது. எரித்துவிட வேண்டிய ஃப்ளேர் கோபுரத்தின் குழாய் பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. செலவைக் குறைக்க ஷிஃப்டில் ஆள் எண்ணிக்கையைக் குறைத்திருந்தார்கள். அமெரிக்காவில் வெஸ்ட் வர்ஜீனியாவின் இன்ஸ்டிட்யூட் என்ற ஊரில் இதே எம்.ஐ.சி. தயாரிக்கும் யூனியன் கார்பைடு ஆலை ஒன்று இருந்தது. இரண்டு ஆலைகளையும் ஒப்பிட்டு நிறைய எழுதியிருக்கிறார்கள், வடிவமைப்பிலேயே வேறுபாடு உண்டு என்பதும் சரிதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1982 மே மாதம் நடந்தது. அமெரிக்கத் தலைமையகத்திலிருந்து ஒரு குழு போபாலுக்கு வந்து பாதுகாப்பு ஆய்வு நடத்தியது. பெரிய அளவில் நச்சு வெளியேற வாய்ப்பு இருக்கிறது, கருவிகளில் குறை இருக்கிறது, அனுபவசாலிகள் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள் என்றெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு போபாலிலிருந்து, இதைச் சரிசெய்தோம், அதைச் சரிசெய்கிறோம் என்று அறிக்கைகள் போயின.

அதாவது ஆடிட் நடந்தது. நல்ல ஆடிட்தான். ஆனால் 1982-ல் வந்த குழுவால் 1984 ஜூனில் நிறுத்தப்பட்ட குளிரூட்டியைப் பார்த்திருக்க முடியாது. ஆடிட் என்பது அன்றைய நிலையைச் சொல்லும், அவ்வளவுதான். இரண்டு ஆடிட்டுக்கு நடுவில் நடப்பதைச் சொல்ல வேண்டியவர் ஆலையில் இருக்கிற ஒருவர். அடுத்த மாதத்திலிருந்து அது நீங்கள்.

சுற்றுச்சூழல் பக்கம் வந்தால் இதே கதை மெதுவாக நடக்கும், அதனால் இன்னும் கண்ணில் படாது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் மூடிய ஆலையின் இயந்திரங்களைக் கொண்டுவந்து 1980-களின் தொடக்கத்தில் பாண்ட்ஸ் நிறுவனம் ஆரம்பித்தது. தாய் நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியபோது ஆலையும் அதன் கைக்குப் போனது. 2001 மார்ச்சில், அதே ஊரின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடந்ததை உள்ளூர் மக்களும் சூழல் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். 7 டன்னுக்கு மேல். ஆலை அந்த மாதமே மூடப்பட்டது. பிறகு 2003-ல் சுமார் 290 டன் கழிவுக் கண்ணாடியை மறுசுழற்சிக்காக அமெரிக்காவுக்கே கப்பலில் அனுப்பினார்கள். பழைய தொழிலாளர்களுக்கும் குடும்பங்களுக்கும் 591 பேருக்கு 2016-ல்தான் ஒப்பந்தம் வந்தது, அதாவது பதினைந்து வருடம் கழித்து.

அந்தக் கண்ணாடி வெளியே போனது பற்றிக் கம்பெனியே சொன்னது என்ன தெரியுமா? எங்கள் விதிக்கு மாறாக அது விற்கப்பட்டுவிட்டது என்பதுதான். விதி இருந்தது! மூட்டை லாரியில் ஏறி கேட்டைத் தாண்டியபோது விதியைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் கூடப் போகவில்லை. பாதரசமோ சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும் சரக்கு. மூச்சில் போய், சிறுநீரகத்தையும் நரம்பையும் பிடிக்கும். மூட்டையைத் தூக்கியவருக்கும் எடை போட்டவருக்கும் அது வெறும் கண்ணாடி. ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்பதில் வருடக்கணக்கில் வழக்கும் வாதமும் நடந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவை எதிர்த்தவர்கள், இதே நிறுவனம் பிரிட்டனில் இந்த அளவை வைத்துக்கொள்ளுமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். ஒரே விதி என்று பெருமையாகச் சொல்லும் கம்பெனி, சுத்தம் செய்யும்போதும் ஒரே விதியைத்தான் சொல்ல வேண்டும்.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன்.

முதல் வாரம் கையேட்டை மூடி வையுங்கள். மெயின்டனன்ஸ் பிரிவில் உட்கார்ந்து, இப்போது பைபாஸில் (அதாவது வேலை செய்யாதபடி ஒதுக்கி) இருக்கும் இன்டர்லாக் (அபாயம் வந்தால் தானாக நிறுத்தும் அமைப்பு) எத்தனை, அமுக்கி வைத்திருக்கும் அலாரம் எத்தனை, மூடி வைத்திருக்கும் வால்வு எத்தனை, ஓடாமல் நிற்கும் ஸ்க்ரப்பர், சில்லர், எக்ஸாஸ்ட் ஃபேன் எத்தனை என்று ஒரு பட்டியல் கேளுங்கள். பட்டியல் இல்லை என்பார்கள். அப்போது நீங்களே எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் யார் நிறுத்தியது, எந்தத் தேதியில், யாரிடம் சொன்னார், எப்போது திரும்ப ஓடும் என்று நாலு கட்டம் போதும். இதற்குள்ளேயே உங்கள் ஆலையின் பாதிக் கதை வந்துவிடும். குற்றம் சாட்டும் குரலில் மட்டும் கேட்காதீர்கள். அந்த ஃபிட்டர் வால்வை மூடியது கேபிளைக் காப்பாற்ற. அவரைப் பிடித்துத் திட்டினால் அடுத்த முறை மூடுவார், லாக் புக்கில் எழுத மாட்டார்.

அப்புறம், மாற்ற மேலாண்மை என்று கையேட்டில் ஓர் அத்தியாயம் இருக்கும், எம்.ஓ.சி. என்பார்கள். பெரிய இயந்திரம் வாங்கும்போது மட்டும் அந்தப் படிவத்தை நிரப்புவது வழக்கம். விசாகப்பட்டினத்துக் குழாய் மாற்றம் மாதிரி ஒரு சின்ன வேலைக்கும், ஷிஃப்டில் ஓர் ஆளைக் குறைப்பதற்கும், ரசாயனம் சப்ளை செய்யும் ஆளை மாற்றுவதற்கும்கூட அது பொருந்தும். ஆள் குறைப்பு ஒரு மாற்றம் என்பதை ஏற்கவைப்பதுதான் கஷ்டம். எச்.ஆர். பிரிவு அதைத் தங்கள் விஷயம் என்று நினைக்கும். விபத்து நடந்தால் இரவு ஷிஃப்டில் வால்வை மூட ஒருவர், போன் செய்ய ஒருவர், கேட்டைத் திறந்து ஃபயர் வண்டியை உள்ளே விட ஒருவர் வேண்டுமே, யார் யார் என்று பெயர் சொல்லச் சொல்லுங்கள்.

இரவில் போங்கள். மாதம் இரண்டு முறையாவது, சொல்லாமல். பகலில் பார்க்கும் ஆலையும் இரவு ஆலையும் ஒன்று கிடையாது. நான் சொன்ன மூன்றில் இரண்டு நள்ளிரவுக்குப் பிறகு நடந்தவை. போகும்போது ஒரு கான்ட்ராக்ட் ஆளிடம், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராக இருந்தால் அவர் மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, சைரன் அடித்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள் என்று கேளுங்கள். காற்று வீசும் திசையைப் பார்த்துக் குறுக்கே ஓட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறதா, கொடித்துணி மாதிரி ஆடும் அந்தக் காற்றுப்பை எங்கே இருக்கிறது என்று காட்டத் தெரிகிறதா. ஹெட் ஆபீசுக்குப் போகும் விபத்து எண்ணிக்கையில் கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்க்கிறார்களா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டால், அபாயமான வேலையெல்லாம் அவர்களிடம் போயிருக்கும், காகிதத்தில் ஆலை வருடக்கணக்கில் விபத்தில்லாமல் இருக்கும்.

சுற்றுச்சூழலுக்கு இரண்டே வேலையில் தொடங்குங்கள். முதலாவது, ஆலையை இயக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த அனுமதியை, கன்சென்ட் என்பார்கள், எடுத்து, அதில் எந்தப் பொருள், மாதம் எத்தனை டன் என்று எழுதியிருக்கிறது, நீங்கள் நிஜத்தில் எத்தனை டன் எடுக்கிறீர்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உற்பத்தியில் இருந்தவர் என்பதால் இரண்டாவது எண் உங்களுக்கே தெரியும். விசாகப்பட்டினத்து நிறுவனம், தான் தயாரிக்கும் அளவுக்குச் செல்லுபடியாகும் சுற்றுச்சூழல் அனுமதி தன்னிடம் இல்லை என்று 2019 மே மாதமே எழுதிக் கொடுத்திருந்தது. விபத்து நடந்த மறுநாளே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 50 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. இரண்டாவது, அபாயக் கழிவு டிரம் ஒன்றின் கூடவே போங்கள். காகிதத்தில் மேனிஃபெஸ்ட், அதாவது கழிவு எங்கே போகிறது என்ற சீட்டு, இருக்கும், 90 நாளுக்குள் அனுப்பிவிட்டதாக இருக்கும். நீங்கள் லாரியின் பின்னால் காரில் போய், அது எந்த கேட்டுக்குள் நுழைகிறது, அங்கே டிரம்மை என்ன செய்கிறார்கள் என்று நின்று பாருங்கள். ஸ்கிராப் என்று விற்பதையும் விடாதீர்கள். காலி டிரம்மைக் கழுவி வீட்டில் தண்ணீர் பிடித்து வைப்பவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

சட்டப் பொறுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. போபாலுக்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, கம்பெனி என்றால் அதன் இயக்குநர்களில் ஒருவர்தான் ஆக்குபையர், அதாவது சட்டத்தின் முன் ஆலைக்குப் பொறுப்பானவர், என்று ஆக்கினார்கள். கீழே இருக்கும் மேனேஜரைக் காட்டித் தப்பிக்க வழி குறைந்தது. 2019-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ஜாம்பியாவின் தாமிரச் சுரங்கத்தால் தண்ணீர் கெட்டது என்று வழக்குப் போட்ட கிராமத்து மக்கள், லண்டனில் இருந்த தாய் நிறுவனமான வேதாந்தா மேலேயே அங்கே வழக்கை நடத்தலாம் என்றது. எல்லா ஆலைக்கும் ஒரே தரம், நாங்கள் மேற்பார்வை செய்கிறோம் என்று ஆண்டறிக்கையில் எழுதியவர்களுக்கு அந்த எழுத்தே பொறுப்பாகவும் மாறலாம். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நீங்கள் பணம் கேட்டுக் கடிதம் எழுதும்போது ஹெட் ஆபீசில் படிப்பவருக்கு இது தெரியும், அதனால் உங்கள் கடிதத்துக்கு நீங்கள் நினைப்பதைவிட எடை அதிகம்.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் கேட்க நினைத்திருப்பீர்கள்: ஆலைத் தலைவர் வேண்டாம் என்று சொல்லும் ஒன்றை மேலே எழுதலாமா? எழுதலாம், ஆனால் முதுகுக்குப் பின்னால் வேண்டாம். நான் செய்வது இது. முதலில் அவரிடமே போய், இதை இன்று மேலே எழுதுகிறேன், நகல் உங்களுக்கு வரும் என்று சொல்வேன். கோபப்படுவார். இரண்டு பேர் என்னிடம் கோபப்பட்டிருக்கிறார்கள், அதில் ஒருவர் பிறகு வேறு ஆலைக்குப் போனபோது என்னைக் கூப்பிட்டார். கடிதத்தில் யார் மேலும் புகார் இருக்கக் கூடாது. "இரண்டாம் எண் ஸ்க்ரப்பர் இந்தத் தேதியிலிருந்து ஓடவில்லை. பம்ப் வர ஆறு வாரம் ஆகும். அதுவரை இந்த ரியாக்டரைப் பாதிச் சுமையில் ஓட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். ஓட்டலாமா, நிறுத்தலாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் பதில் வேண்டும்." இவ்வளவுதான், நாலு வரி. தேதி இருக்கிறது, என்ன செய்யலாம் என்பது இருக்கிறது, முடிவு சொல்ல வேண்டியவர் பெயர் மேலே இருக்கிறது. வெள்ளிக்கிழமை பதில் வராவிட்டால் திங்கள் காலை போன் பண்ணுங்கள்.